விசில் அடிக்காத குக்கரில் தைப்பொங்கல்

1

எதையோ சொல்ல ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன் பார், ராமாத்தா. பக்கத்து வீட்டு மார்கரெட் நேற்று மறுபடியும் கதவைத் தட்டினாள். கையில் காலிக் கிண்ணம். "பிங்க், பிங்க்" என்கிறாள். ஓணத்துக்கு நான் செய்து கொடுத்த பால் பாயசத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. எண்பது வயது, தனியாக இருக்கிறாள். ஒரே மகன், காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். போட்ட கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். இன்றைக்காவது கழற்றுவானா என்று நானும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை இல்லை. போன மாதம் அவள் நாய்க்குப் பிறந்தநாள். கேக் வெட்டினாள், எங்களையும் கூப்பிட்டாள். நான் என்ன செய்வது, நாயின் தலையைத் தொட்டு "நல்லா இரு சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டு நாய் மணியனிடம் சொல்லிவிடாதே, கோபித்துக்கொள்வான்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சுகன்யா எழுதுகிறாள். நம் ஊர் வாயனசாலையில், அதுதான் நூலகத்தில், ஆண்டு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கிற வடகரப்பதிக்காரர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டுமாம். முதலில் என் மகன் செந்திலைத்தான் கேட்டார்கள். அவன் பள்ளிக்கூடத்திலேயே கட்டுரை என்றால் வயிற்றுவலி வருகிற பிள்ளை. "எங்கம்மாவக் கேளுங்க, இங்கிலாந்துல வந்து நாள் பூரா பேசறவங்க அவங்க ஒருத்தர்தான்" என்று என்னைக் கைகாட்டிவிட்டான். எனக்கு எழுத்து தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அதனால் பேனா சுகன்யா கையில், வாய் என்னுடையது.

"அத்தை, நீங்க பேசறாப்புலயே எழுதுனா அச்சுல படிக்கச் செரமமா இருக்குமுங்க. நான் சித்த திருத்தி எழுதறனுங்க" என்றாள்.

"திருத்திக்க கண்ணு. ஆனா அடுத்தவங்க பேசுனத மட்டும் மாத்தீராத. அப்பறம் பொய் சொன்னாப்புல ஆயிரும்."

நடுநடுவே ஒன்று, இரண்டு என்று நம்பர் வேறு போடுகிறாள். எதற்கு என்று கேட்டேன். படிக்கிறவர்கள் மூச்சு வாங்குவதற்காம். நான் மூச்சு விடாமல் பேசுகிறேன் என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மலர் கைக்கு வந்ததும் உன் மருமகள் உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்று நினைத்து, ஊரில் அடுத்த வீட்டுக்காரியான உன்னிடமே பேசுகிறேன், ராமாத்தா. மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

2

நான் இங்கே வந்து இறங்கிய நாலாம் நாள் ஓணம். மலையாள எல்லையில் இருக்கிற நமக்கு அதுவும் பண்டிகைதானே. பெட்டியிலிருந்து என் பித்தளைப் போசியை எடுத்தேன். பட்டுச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தது. விமானத்தில் என் துணிமணி பாதியைக் குறைத்துக்கொண்டு அதற்கு இடம் கொடுத்தேன். இங்கே அடுப்பு எப்படி என்கிறாய்? கறுப்புக் கண்ணாடிப் பலகை. தீ இல்லை, திரி இல்லை. போசியைத் தூக்கி வைத்தால் அது "கீ கீ" என்று கத்துகிறது, சூடாகமாட்டேன் என்கிறது. இந்த அடுப்புக்குப் பித்தளை ஆகாதாம். அதற்கென்று தனிப் பாத்திரம் வேண்டுமாம். என் போசி இப்போது முன்னறையில் தியாவின் கலர் பென்சில்களைச் சுமந்துகொண்டு நிற்கிறது. தியா யார் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன், என் பேத்தி. எட்டு வயது.

அப்போதுதான் செந்தில் அந்தக் கரண்டுக் குக்கரைக் காட்டினான். பார்த்தால் நெல் அளக்கிற மரக்கால் மாதிரி உருண்டையாக இருக்கும். முன்னால் பத்துப் பன்னிரண்டு பட்டன். அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகி ஒரு பட்டனை அமுக்கினால் உன் வேலை முடிந்தது. ஆவி ஏறிவிட்டால் மூடியைத் திறக்க முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குச் சொல்லவும் சொல்லாது. மூடிமேல் ஒரு சின்ன ஆணி மெதுவாகத் தலையைத் தூக்கும், அவ்வளவுதான். விசிலே கிடையாது.

விசில் இல்லாமல் நான் எப்படிச் சமைப்பேன்? எனக்கு மணி பார்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், எனக்கு விசில் பார்க்கத் தெரியும் என்பேன். சோற்றுக்கு மூன்று, துவரம்பருப்புக்கு நாலு, அவரைக்கொட்டைக்கு ஐந்து, வெள்ளாட்டுக்கறிக்கு எட்டு. நீ வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துணி துவைத்துக்கொண்டே எண்ணிவிட்டு, ஆறாவது விசிலுக்குச் சுவர்மேல் தலையை நீட்டுவாயே. "ஏனக்கா, ஆரு வந்திருக்கறா ஒறம்பரை? கறி வேகுதாட்ட இருக்குது?" என்பாய். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்த சேதி எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் நான் கோபத்தில் சமைக்காமல் படுத்திருந்தபோது, விசில் கேட்கவில்லையே என்று நீதானே வந்து கதவைத் தட்டினாய்? இங்கே நான் ஒரு முழு ஆட்டை வேகவைத்தாலும் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கதவைத் தட்டிப் போய்ச் சொன்னால்தான் உண்டு.

பார்த்ததும் அதை "ஊமை" என்றுதான் கூப்பிட்டேன். உடனே தியா எனக்குப் பாடம் எடுத்தாள். எழுத்து படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கு என்று பட்டன் பட்டனாகச் சின்னப் படம் வரைந்து ஒட்டினாள். சோற்றுக்கு ஒரு கிண்ணம். பாலுக்கு ஒரு மாடு. மூடியில்லாமல் வதக்குவதற்கு ஒரு தீ. நிறுத்துவதற்கு அடியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. மாட்டுக்கு அஞ்சு கால் போட்டிருந்தாள். ஒன்று வால் என்றாள். சரி என்றேன்.

அந்த மாட்டுப் பட்டனில்தான் ஓணத்துப் பாயசம். பால், ஒரு பிடி அரிசி, சர்க்கரை, அவ்வளவே. மூடிவிட்டு மறந்துவிட்டேன். உண்மையிலேயே மறந்துவிட்டேன், மார்கரெட்டின் நாயை வேடிக்கை பார்த்துக்கொண்டு. ஊரில் மறந்திருந்தால் அடுப்பையும் சேர்த்துக் கழுவியிருக்க வேண்டும். இங்கே திறந்து பார்க்கிறேன், பால் சுண்டி ரோஜாப்பூ நிறத்தில் கிடக்கிறது. கொதிக்கக் கொதிக்க நாள் முழுதும் கிண்டினாலும் நமக்கு அந்த நிறம் வராது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கே ஊமைக்கும் எனக்கும் சமாதானம் ஆகிவிட்டது.

தீபாவளிக்குக் கறிக்குழம்பு. கிறிஸ்துமஸுக்கு சுகன்யா வேலைசெய்கிற முதியோர் இல்லத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொன்னார்களாம். நான் அரிசியும்பருப்பும் சாதம் செய்து, நெய்யைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். பல்லில்லாத கிழவர்கள் எல்லாம் தட்டை வழித்துச் சாப்பிட்டார்களாம். ஒரு தாத்தா சுகன்யாவின் கையைப் பிடித்து "நாளைக்கும் கிறிஸ்துமஸா?" என்று கேட்டாராம். நம் ஊரில் காய்ச்சலில் கிடக்கிறவனுக்குத்தான் அதைப் போடுவோம், இங்கே அது பண்டிகைச் சாப்பாடு ஆகிவிட்டது.

3

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுகன்யா, நீ எழுது, என் முகத்தைப் பார்க்காதே.

இவள் படித்தது நர்ஸுக்கு. சித்தூரில் ஐந்து வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். ஆனால் இங்கே நர்ஸாக நிற்கவேண்டுமென்றால் இங்கிலீஷில் ஒரு பரீட்சை. படிக்கிறது, கேட்கிறது, பேசுகிறது எல்லாம் பாஸாகிவிட்டாள். எழுதுவது மட்டும் இரண்டு தடவை தவறிவிட்டது. ஒரு நோயாளியைப் பற்றி டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கத் தெரிந்தவளுக்கு, தூக்கி உட்காரவைத்தேன் என்று அவர்கள் கேட்கிறபடி எழுத வரவில்லை. அதனால் மூன்று வருஷமாக அந்த இல்லத்தில் உதவியாளாக, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கை மாற்றிக்கொண்டு இருக்கிறாள். இந்தப் பங்குனியோடு விசா முடிகிறது. நர்ஸாக ஆகாவிட்டால் மேலே நீட்டித் தரமாட்டோம் என்று இல்லத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். செந்தில் ரொட்டிக் கம்பெனியில் வேலைக்குப் போவதும் இவள் விசாவைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆக, மூன்றாவது தடவை பாஸானால் இவர்கள் இங்கேயே. தவறினால் மூன்று பேரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு.

என் கதை வேறு. எனக்குக் கொடுத்தது ஆறே மாதம். பார்த்துவிட்டுப் போ என்கிற விசா. அதையாவது சுலபத்தில் கொடுத்தார்களா? கொச்சியில் அந்த ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிமேல் விரலை வைக்கச் சொன்னார்கள். எத்தனை பத்திரத்தில் மை தடவி உருட்டின விரல்! எல்லா ஆபீஸிலும் செல்லும், அந்தக் கண்ணாடியில் மட்டும் விழவில்லை. "அம்மச்சி, விரலில் ரேகையே இல்லல்லோ" என்றாள் அங்கே இருந்த பெண். நாற்பது வருஷம் கடலைக்காய் பிடுங்கின விரலில் என்ன இருக்கும்? கழுவச் சொன்னாள், துடைக்கச் சொன்னாள், எண்ணெய் மாதிரி எதையோ தடவினாள். பன்னிரண்டாவது தடவையோ என்னவோ, பெட்டி ஒரு சத்தம் போட்டு ஒத்துக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து கைதட்டினேன்.

இப்போது கணக்கு உனக்குப் புரிந்திருக்கும். சுகன்யா பாஸானால் நான் மட்டும் திரும்பி வந்து, நீ வைத்திருக்கிற சாவியை வாங்கி, பூட்டின வீட்டைத் திறக்க வேண்டும். சுகன்யா தவறினால் நாலு பேரும் சேர்ந்து அந்தக் கதவைத் திறப்போம்.

எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பாஸாக வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தியாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வந்தபோது என்னிடம் பாதித் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். இந்த ஆறு மாதத்தில் நான் அவளைத் தேற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஒருநாள் அவளோடு படிக்கிற கூட்டுக்காரிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். நான் "ஏம் பாப்பா, வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போங்க ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டேன். தியா அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "அவங்களுக்குப் பசிக்குது போலன்னு சொன்னேன் ஆத்தா" என்கிறாள். அடக் கடவுளே, எனக்கா பசிக்கிறது? அவளுக்கு வேண்டுமென்றே அப்படிச் சொல்லத் தெரியாது, ராமாத்தா. அவள் உலகத்தில் ஒருத்தர் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பசி என்று அர்த்தம்.

4

பரீட்சை தேதி வந்தது. சரியாகத் தைப்பொங்கல் அன்று காலை பத்து மணி. மாற்றிக் கேட்டுப் பார்த்தாள், முடியாது என்றுவிட்டார்கள்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாமாம். ஆனால் கேமரா வழியாக எங்கிருந்தோ ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையின் நாலு மூலையையும், மேஜைக்கு அடியையும் காட்ட வேண்டும். உள்ளே ஒரு ஆள் வரக்கூடாது. சத்தம் கேட்கக்கூடாது. அதனால் மாடி அறையை அவளுக்கு விட்டுவிட்டு நான் கீழே சமையலறையோடு இருப்பது என்று முடிவாயிற்று. ஊமைக் குக்கரின் அருமை அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலைக்கு எங்கே போவது? ஆவாரம்பூ ஏது, பூளைப்பூ ஏது? மார்கரெட்டின் வேலியில் இந்தக் குளிரிலும் மஞ்சளாக ஒரு பூ பூத்துக் கிடந்தது. முந்தின நாளே அவளிடம் கேட்டு நாலு கொத்து ஒடித்து வாசல் கதவில் செருகினேன். தபால்காரன் பார்த்துவிட்டு என்னமோ வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் சுகன்யா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, குக்கரின் உள்பாத்திரத்தில் மூன்று கை அரிசி போட்டாள். எங்கள் வீட்டில் மருமகள் கைதான் முதல் அரிசி போடவேண்டும். மூன்றா நாலா என்று சந்தேகம் வந்து ஒரு பிடியை எடுத்துத் திருப்பிப் போட்டாள். நான் பார்க்காத மாதிரி வெல்லத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

செந்தில் வேலைக்குக் கிளம்பும்போது கதவில் நின்று சொன்னான்: "அம்மா, மூடி போட்டே செஞ்சிருங்க. பொங்க உட்டுறாதீங்க. அதுக்கு அடியில கரண்டு இருக்குது. வழிஞ்சு உள்ள போச்சுன்னா ஊடே இருட்டாயிரும்."

"பொங்காத பொங்கல் என்னடா பொங்கல்?"

"இந்த வருசம் பொங்காட்டிப் பரவால்லம்மா. அவ பரீட்சை எழுதட்டும்."

தியாவும் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு நியாயம் கேட்டாள். "ஆத்தா, ஸ்பில் பண்ணா சாரி சொல்லணும். நீங்க எதுக்கு அதுக்கு ஹாப்பியா கத்தறீங்க?" அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? நிறைந்ததால்தான் வழிகிறது, வழிந்தால் இந்த வருஷம் நமக்குக் குறைவில்லை என்று சொன்னேன். "அப்ப பெரிய பாத்திரம் வாங்கலாமே" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாரும் போனபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. மூடி போட்டுச் செய்தால் அது வெறும் சர்க்கரைச் சோறு. பரீட்சை எழுதுகிற நாளில் பானை பொங்காமல் இருந்தால் நல்லதா? மூடியைத் திறந்து வைத்து, தியா ஒட்டின தீப் பட்டனை அமுக்கி, பால் ஏறி வருகிறபோது கரண்டியால் கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் வழித்துத் தட்டில் விட்டுவிடலாம், உடனே சிவப்புக் குறியை அமுக்கி நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை செய்தேன். சாமிக்கும் ஆயிற்று, கரண்டுக்கும் ஆயிற்று.

இங்கே உனக்கு ஒரு ரகசியம் சொல்ல வேண்டும், ராமாத்தா. இத்தனை வருஷமும் எங்கள் வாசலில் பானை தவறாமல் கிழக்கே பொங்குமே, "அதெப்புடிக்கா உங்க ஊட்டுக்கு மட்டும்?" என்று கேட்பாயே. மேற்குக் கல்லுக்கு அடியில் நான் ஒரு ஓட்டுச் சில்லு வைத்துவிடுவேன். பானை ஒரு நூல் கிழக்கே சாய்ந்து நிற்கும். தை மாதக் காற்று எப்படி அடித்தாலும் வேறு பக்கம் பொங்க வழியில்லை. செந்திலின் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது. சூரியனே வராத ஊரில் கிழக்கு எது என்று முந்தின நாளே தியாவிடம் போனில் பார்க்கச் சொல்லித் தெரிந்து வைத்திருந்தேன். சமையல் மேடையில் சுவர்ப் பக்கம்தான் கிழக்கு. குக்கரின் மேற்குக் காலுக்கு அடியில் நாலாக மடித்த துணியை வைத்தேன். சாய்த்தேன். சுவரில் அந்தப் பக்கம்தான் குக்கரின் பிளக் இருக்கிறது என்பது என் கண்ணில் பட்டது. ஒரு சொட்டுகூட அதுவரை போகவிடப் போவதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் சுகன்யா டைப் அடிக்கிற சத்தம் கீழே கேட்டது. தகரத்தில் தூற்றல் விழுகிற மாதிரி. கொஞ்சம் நிற்கும், மறுபடி விழும். பால் அரிசியைச் சுற்றி முதலில் கண் கண்ணாக விழித்தது. பிறகு ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு திடீரென்று எழுந்தது. ஒரு கையில் கரண்டி. இன்னொரு கை சிவப்புக் குறிமேல்.

அமுக்கவில்லை.

பால் விளிம்புக்கு வந்து ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு கிழக்கே வழிந்தது, அழகாக. நான் வாய்க்குள்ளே "பொங்கலோ பொங்கல்" என்றேன். சத்தம் போடக்கூடாதே. "டப்" என்றது. விளக்கு போயிற்று, ஃபிரிட்ஜ் நின்றது. மாடியில் தூற்றல் இன்னும் கொஞ்ச நேரம் விழுந்தது, அவளுக்கு உடனே தெரியவில்லை போல. பிறகு அதுவும் நின்றது.

சுகன்யா படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். வந்தவள் முதலில் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, எங்கயாச்சும் சுட்டுருச்சுங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் போய்ப் பிளக்கைப் பிடுங்கி, ஃபியூஸ் பெட்டியைத் திறந்து கரண்டைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். அதற்குள் கம்ப்யூட்டரில் பரீட்சைக்காரர்கள் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். திரும்பி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"நாலு வரிதானுங்க அத்தை பாக்கி இருந்துச்சு" என்றாள்.

பாதி வெந்த பொங்கலை அப்படியே விட மனசில்லை. உள்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மார்கரெட் வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாணலியை எடுத்து வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் அடுப்பில்தான் இந்த வருஷப் பொங்கல் வெந்தது. அவளும் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள், அவள் நாயும் சாப்பிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் இறங்கவில்லை.

5

செந்தில் வந்து ஒரே கேள்விதான் கேட்டான். "நான் அத்தன தூரம் சொல்லிட்டுத்தானம்மா போனேன்?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊமையைத் திருப்பிப் போட்டுக் காயவைத்தான். அதுவும் இரண்டு நாள் பேசவில்லை, அது எப்போதுமே பேசாது என்பது வேறு விஷயம். மூன்றாம் நாள் உயிர் வந்துவிட்டது.

பரீட்சைக்காரர்களுக்கு சுகன்யா எழுதிப் போட்டாள். கரண்டு போனதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டு பதில் வந்தது. பால் வழிந்த குக்கரையும் பிளக்கையும் படம் எடுத்து அனுப்பினாள். என்ன நினைத்தார்களோ, ஒன்பது நாள் கழித்து இன்னொரு தேதி கொடுத்தார்கள். இந்தத் தடவை வீட்டில் வேண்டாம், டவுனில் அவர்கள் இடத்துக்கே வந்து எழுது என்று.

அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும், ராமாத்தா. எல்லாரும் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தார்கள். அழுகைதான். ஆனால் உள்ளுக்குள் நான் ஊரில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். தெற்கு அறை தியாவுக்கு. அதில் எலி ஓட்டை இருக்கிறது, அடைக்க வேண்டும். கிணற்றுமேட்டில் சுகன்யாவுக்குக் கறிவேப்பிலை வைத்துக் கொடுக்க வேண்டும். செந்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வான். மூன்று விசில் அடித்ததும் தியா பசி என்று ஓடிவருவாள், நீ சுவர்மேல் தலையை நீட்டுவாய். காலையில் எழுந்ததும் ஒரு அறை, மத்தியானம் ஒரு அறை என்று ஒன்பது நாளில் வீடு முழுவதையும் முடித்துவிட்டேன். இத்தனை சந்தோஷமாக நான் இந்த ஊரில் இருந்ததே இல்லை.

அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. சிவப்புக் குறிமேல் என் கை இருந்தது. அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். வழிந்தால் இருட்டாகும் என்று என் மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நான் ஏன் அமுக்கவில்லை? பொங்கட்டும், இவளுக்கு நல்லது நடக்கட்டும் என்றா? இல்லை, இருட்டாகட்டும் என்றா? எனக்கே தெரியவில்லை.

இதைச் சொன்னதும் பேனா நின்றுவிட்டது.

"எழுது கண்ணு" என்றேன்.

"எழுதிட்டனுங்க அத்தை." காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஒண்ணு சொல்றனுங்க. அந்த நாலு வரி இருந்துச்சல்லோ, அதுல என்ன எழுதறதுன்னே தெரியாம முழிச்சுட்டு இருந்தனுங்க. இருட்டானதும் எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. ஊருக்கே போயர்லாம்னு தோணுச்சு. உங்ககிட்ட நாலு வரிதான் பாக்கின்னு சொன்னன். ஒண்ணுமே வரலீன்னு சொல்லல."

உண்மையாகவே அப்படித்தானா, எனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. இவள் நர்ஸ். வலிக்கிற இடத்தில் எப்படிக் கை வைக்க வேண்டும் என்று படித்தவள்.

"இத மலர்ல போடோணுங்களா அத்தை? ஊரே படிக்குமுங்க."

"போடு. ராமாத்தாளுக்குத் தெரியாம நான் என்னத்த ஒளிச்சிருக்கறேன்? ஓட்டுச் சில்லையே சொல்லியாச்சு."

சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு மூக்கை உறிஞ்சினாள்.

பரீட்சை எழுதப் போன அன்று நான் விளக்குக்கு முன்னால் நிற்கவில்லை. என் வாயும் மனசும் வேறு வேறு சொல்லும் என்று பயம். மார்கரெட்டின் நாயைக் கூட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். தை கடைசியில் முடிவு வந்தது. செந்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் அப்பாகூட என்னை அப்படித் தூக்கியதில்லை. பாஸ். எனக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷம்தான், ராமாத்தா. பாதி சந்தோஷம் என்று நீ சொல்வாய். இல்லை, முழுசும் சந்தோஷம்தான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் முழுசாக இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். நீ வீட்டைத் திறந்து கொஞ்சம் காற்றாடப் போட்டு வை. எலி ஓட்டையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். செவலை மாடு கன்று போட்டுவிட்டதா இல்லையா என்று நாலு தடவை கேட்டுவிட்டேன், போனில் நீ வேறு என்னென்னமோ சொல்கிறாயே தவிர அதை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாய்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே கடையில் தேங்காய் உடைக்காமலே ஆட்டிப் பார்த்து வாங்கினேனே, அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடினதைச் சொல்லவில்லை. ஆனால் இவளுக்கு நாளைக்குக் காலையில் முதல் டியூட்டி. ஆஸ்பத்திரி உடுப்பு இன்றைக்குத்தான் வந்தது. இத்தனை நாள் இல்லத்தில் போட்டது வெளிர்ப் பச்சை. இது நல்ல கருநீலம். சட்டை சரியாக இருக்கிறது. கால்சட்டைதான் வெள்ளைக்காரி உயரத்துக்குத் தைத்தது, இவளுக்கு ஒரு சாண் தரையில் இழுக்கிறது. மடித்துத் தைக்க வேண்டும். வெட்டமாட்டேன், உள்ளேயே மடித்து வைக்கிறேன். தையல் பிரியாமல் இரண்டு ஓட்டம் ஓட்டிக் கொடுத்தால் நான் போனபிறகும் வருஷக்கணக்கில் நிற்கும். இப்போதே உட்கார்ந்தால்தான் முடியும்.

எழுதினது போதும் கண்ணு. பேனாவ வெச்சுட்டு அதப் போட்டுட்டு வந்து இப்புடி முன்னால நில்லு. நேரா நில்லு. குனியாத, குனிஞ்சா அளவு மாறிப்போயிரும்.